ஆபரேஷனுக்கு முன் நான்கு நிமிடம்

வடசென்னையின் கொடுங்கையூரில் ஒரு குழந்தைக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று முடிவானால், குடும்பம் பெரும்பாலும் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கிளம்பும். ரத்தப் பரிசோதனை, காப்பீட்டு அட்டை, வேலைக்கு லீவு என எல்லாவற்றுக்கும் பெரியவர்கள் ஏற்பாடு செய்துவிடுவார்கள். குழந்தையிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. சொன்னால் பயந்துவிடுமாம். கடைசியில் மாஸ்க் போட்ட முகங்கள், தலைக்கு மேலே பெரிய விளக்கு, முகத்தில் வந்து அழுத்தும் மூடி எல்லாம் ஒரே நிமிடத்தில் அதன் முன்னால் வந்து நிற்கின்றன.

தென்கொரியாவில் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் புண்டாங் மருத்துவமனை இதற்கு ஒரு வழி கண்டது. அந்நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் பிடித்த பொரோரோ என்ற கார்ட்டூன் பெங்குவின் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய், மயக்க மருந்துக்குத் தயாராவதை நான்கு நிமிடப் படமாக்கி, 4 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடியில் காட்டினார்கள். 69 குழந்தைகளை வைத்துச் செய்த அந்த ஆய்வு 2017இல் வெளியானது. குழந்தையின் பதற்றத்தை அளக்கும் யேல் அளவுகோலில் 100 என்பது உச்சம். படம் பார்த்த குழந்தைகளின் இடைநிலை மதிப்பு 31.7. வழக்கமான விளக்கம் மட்டும் பெற்றவர்களுக்கு அது 51.7.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளின் பயம் குறையவில்லை. ஆனால் டான்சில், அடினாய்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் கூடுதல் வலி மருந்து தேவைப்பட்டவர்கள் குறைந்தார்கள். ஆகவே கண்ணாடியை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அதை எப்போது, யார், எப்படிக் காட்டுகிறார்கள் என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதல் வேலை, மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும் நாளிலேயே பேசிவிடுவது. விஆர் படம் காட்டுகிறீர்களா, நாங்களே கொண்டுவந்து காட்டலாமா, தாய் எதுவரை கூட வரலாம் என்ற மூன்றையும் கேளுங்கள். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் புகைக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைக்குச் சளி, இருமல், வீசிங் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் சிக்கல் வர அதுவே காரணமாகலாம். தேதி தள்ளிப்போகுமே என்று மறைப்பது ஆபத்து.

அடுத்தது கருவி. விலை உயர்ந்த ஹெட்செட் கட்டாயமில்லை. செல்போனைச் செருகிப் பார்க்கும் சாதாரண விஆர் பெட்டியே போதும். பர்மா பஜாரிலோ ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ விசாரித்துப் பாருங்கள். ஹெட்செட் நிறுவனங்கள் குறைந்தபட்ச வயது ஒன்றைக் குறிப்பிடுகின்றன. மெட்டா நிறுவனம் 10 என்கிறது. அதைவிடச் சின்னப் பிள்ளை என்றால் டாக்டர் ஒப்புக்கொண்ட பிறகே, சில நிமிடங்கள் மட்டும் காட்டலாம். வலிப்பு நோய், கண் நோய், தலையில் காயம், வாந்தி இருக்கும் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். முகத்தில் படும் பஞ்சை ஒவ்வொரு குழந்தைக்குப் பிறகும் துடைப்பது, தூக்கி எறியும் உறை போடுவது மருத்துவமனையின் பொறுப்பு.

படத்தை முந்தின நாளே ஒருமுறை காட்டிவிடுங்கள். கட்டிலிலோ மடியிலோ உட்கார வைத்து, முதலில் நீங்கள் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். குழந்தை பார்ப்பதையே இன்னொரு திரையில் நீங்களும் பார்க்க முடிந்தால் மிக நல்லது. “அந்த லைட்டைப் பாத்தியா? நாளைக்கு உன் தலைக்கு மேலயும் அதான் இருக்கும்” என்று கூடவே பேசலாம். தலை சுற்றுகிறது என்றாலோ, கழற்றச் சொன்னாலோ உடனே கழற்றிவிட வேண்டும். வற்புறுத்தினால் கண்ணாடியே இன்னொரு பயமாகிவிடும்.

இங்கே தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். “ஊசியே போட மாட்டாங்க” என்று பொய் சொல்லாதீர்கள். “மூடி வழியா மூச்சு இழுப்ப கண்ணு, தூக்கம் வந்துடும். கதவு வரைக்கும் அம்மா வருவேன்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். உள்ளே அனுமதி கிடையாது என்று தெரிந்த பிறகு, உள்ளே வருவதாக வாக்குக் கொடுக்கவும் கூடாது.

ஆபரேஷன் அன்று காத்திருக்கும் நேரம்தான் கஷ்டமானது. பொதுவாகத் திட உணவை 6 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். தண்ணீர் எதுவரை கொடுக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பசித்த பிள்ளைக்கு அப்போது அதே படத்தை மறுபடி காட்டுவதைவிட, மீன், கடல், காடு என்று ஏதாவது அமைதியான காட்சி நல்லது. தியேட்டர் வாசலில் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, சிஸ்டரின் பெயரைச் சொல்லிக் குழந்தையை ஒப்படையுங்கள்.

கண் விழித்ததும் சில குழந்தைகள் முரண்டு பிடித்து அழும். புண்டாங்கில் நடந்த இன்னொரு ஆய்வில், விஆர் அதைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. அந்த நேரத்தில் குழந்தைக்குத் தேவை தெரிந்த முகமும் குரலும்தான்.

வடசென்னை மருத்துவமனைகள் தங்கள் தியேட்டரையே, வேறு நோயாளி யாரும் இல்லாத நேரத்தில், படுத்திருக்கும் குழந்தையின் கண் மட்டத்திலிருந்து படமெடுத்துத் தமிழில் குரல் கொடுத்து வைத்தால், ஒரே படம் பல ஆண்டுகளுக்கு உதவும். அதற்கு மயக்க மருந்துத் துறையில் ஒருவர் முன்வந்தால் போதும். பெற்றோர்களே, அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது அந்தப் படத்தைக் கேளுங்கள்.