ஆடும் படமும் அசையாத கண்ணும்

சென்ற பூஜை விடுமுறையில் நம் மன்றத்து நண்பர்கள் நால்வர் கார்டன் ரீச்சில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்திருந்தனர். கொல்கத்தாவின் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றை ஒட்டி, கப்பல் கட்டும் தளமும் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகமும் அமைந்த பகுதி அது. என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையை விட்டு வேலை தேடி இங்கு வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. நான் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். மூன்று நாள் பந்தல் பந்தலாகச் சுற்றிக் கால் ஓய்ந்த பிறகு, "இன்று எங்கும் போகவேண்டா, வீட்டிலேயே ஒரு படம் பார்ப்போம்" என்று முடிவாயிற்று. எதிர் வீட்டுச் சாச்சாவையும் அழைத்தோம். அவர் முப்பது ஆண்டுக் காலம் சரக்குக் கப்பல்களில் உழைத்து ஓய்ந்தவர். ஆக, நண்பர் நால்வர், என் பெற்றோர், தம்பி, சாச்சா, நான் என்று ஒன்பது பேர் அமர்ந்தோம்.

நாங்கள் பார்த்த படம் 'குளோவர்ஃபீல்ட்'. 2008ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் தேதி அமெரிக்காவில் வெளியானது. மாட் ரீவ்ஸ் இயக்கினார், ஜே. ஜே. ஆப்ராம்ஸ் தயாரித்தார். நியூயார்க் நகரில் ஓர் இளைஞன் வேலைக்காக ஜப்பானுக்குப் புறப்படுகிறான். அவனுக்கு விருந்து நடக்கிறது. விருந்தைப் படம் பிடிக்கும்படி ஹட் என்ற நண்பனிடம் ஒரு சிறு காமிராவைக் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் கடலிலிருந்து ராட்சத விலங்கு ஒன்று நகருக்குள் புகுந்துவிடுகிறது. ஹட் ஓடுகிறான், விழுகிறான், காமிராவை மட்டும் அணைப்பதில்லை. பின்னர் இராணுவத்தார் கண்டெடுத்த காமிராவின் பதிவே நாம் காணும் படம் என்பது கற்பனை. ஆகவே 85 நிமிடமும் காட்சி குலுங்கிக்கொண்டே இருக்கும். பின்னணி இசையும் இல்லை. முடிவில் பெயர்கள் ஓடும்போதுதான் இசை வரும்.

இவ்வகைப் படங்களைக் 'கண்டெடுத்த படங்கள்' என்று சொல்லலாம். 1999இல் வந்த 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' இவ்வகைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. அதில் நடித்த மூவரே காமிராவையும் தூக்கினர். அதைக் கண்டவர்களுள் பலர், மூன்று மாணவர்கள் உண்மையாகவே காட்டில் காணாமற்போயினர் என்று நம்பிவிட்டனர்.

குளோவர்ஃபீல்ட் வந்தபோது மக்கள் என்ன சொன்னார்கள்? முதலில் வந்த முன்னோட்டத்தில் படத்தின் பெயர்கூட இல்லை. வெளியாகும் தேதி மட்டுமே இருந்தது. அதில் ஒருவன் கத்துவதை 'சிங்கம்' என்று சிலர் தவறாகக் கேட்டு, சிங்க உருவ இயந்திரங்கள் வரும் ஒரு பழைய கார்ட்டூன் கதையைத்தான் படமாக எடுத்திருக்கிறார்கள் என்று வாதிட்டனர்! படம் வெளியான பிறகு கூச்சல் வேறு வகையாயிற்று. பலருக்குத் தலை சுற்றியது. சிலர் வாந்தி எடுத்தனர். ராட்டினத்தில் சுற்றினாற்போன்ற மயக்கம் வரக்கூடும் என்று சில கொட்டகைகளில் அறிவிப்பு ஒட்டும்படி ஆயிற்று. முதல் மூன்று நாளில் அமெரிக்காவில் ஏறத்தாழ 4 கோடி டாலர் வசூலான படம், இரண்டாம் வார இறுதியில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. "விலங்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லவே இல்லையே" என்ற குறை ஒரு பக்கம். தெருவை மூடும் புழுதியும் சரியும் கட்டடங்களும் 2001 செப்டம்பர் 11ஐ நினைவூட்டுகின்றன, அந்தத் துயரத்தைக் காசாக்கலாமா என்ற கேள்வி மற்றொரு பக்கம்.

நான் உடலியங்கியல் படிப்பவன். குமட்டல் என்ற சொல் காதில் விழுந்தால் குறிப்பேட்டை எடுக்கத் தோன்றும். அன்றும் எடுத்தேன். யார், எத்தனையாவது நிமிடத்தில், என்ன ஆனார் என்று எழுதினேன். இதனை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஒன்பது பேரை வைத்து என்ன ஆராய்ச்சி! அம்மா அரை மணியில் எழுந்து, கொடைக்கானல் பேருந்தில் செய்வதைப்போலவே, எலுமிச்சம்பழம் ஒன்றை முகர்ந்துகொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். வேதியியல் நண்பர் கண்ணை மூடிக்கொண்டார். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா தூங்கிவிட்டார், அவர் எந்தப் படத்திற்கும் அப்படித்தான். சாச்சா இருபது நிமிடம் கடந்ததும் சட்டென்று எழுந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை. அவர் பெயருக்கு நேரே "குமட்டல்" என்று எழுதினேன்.

இனிப் பாடத்திற்கு வருவோம். நம் உட்செவியில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. அவற்றினுள் நீர்மம் நிறைந்துள்ளது. தலை திரும்பினால் நீர்மம் பின்தங்கும். அதனால் நுண்மயிர்கள் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். குழல்களை அடுத்த இரண்டு சிறு பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் உள்ளன. அவை தலை சாய்வதையும், உடல் முன்னும் பின்னும் மேலும் கீழும் விரைவதையும் அறிவிக்கும். கண்ணும் செவியும் ஒரே செய்தியைச் சொன்னால் தொல்லை இல்லை. கப்பலின் கீழ்த்தளத்து அறையில் இருப்பவனுக்குச் செவி "ஆடுகிறோம்" என்கிறது. எதிரே உள்ள சுவரைப் பார்க்கும் கண் "ஆடவில்லை" என்கிறது. குலுங்கும் படத்தைப் பார்ப்பவனுக்கு இது தலைகீழ். கண் ஓடுகிறது, செவி நாற்காலியில் இருக்கிறது. இந்த முரண்பாடே குமட்டலுக்குக் காரணம் என்று பலரும் ஏற்கின்றனர். அதற்கு வயிறு ஏன் தண்டனை பெறவேண்டும்? 1977இல் டிரீஸ்மன் என்ற அறிஞர் ஒரு விளக்கம் தந்தார். புலன்கள் முரண்படுவது நஞ்சு உண்டதன் அடையாளம் என்று மூளை தவறாக எண்ணி, உண்டதை வெளியே தள்ளப் பார்க்கிறதாம். இது கருத்தே, முடிந்த முடிவன்று.

செவியின் பங்குக்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையினர், காது கேளாத பதினொரு ஆடவரைக் காலடெட் கல்லூரியிலிருந்து அழைத்துச் சென்று சோதித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளமையில் மூளையுறைக் காய்ச்சலால் செவியையும் அதனோடு சமநிலை உறுப்பையும் இழந்தவர்கள். கொந்தளிக்கும் கடலில் கப்பல் தத்தளித்தபோது, சோதிக்க வந்தவர்கள் வாந்தி எடுத்துக் கிடந்தனராம். சோதிக்கப்பட்டவர்களோ உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தனர்!

மலைப்பாதையில் பேருந்தை ஓட்டுபவருக்கு மயக்கம் வருவது மிக அரிது. பின்னிருக்கைக்காரருக்குத்தான் வரும். அடுத்த வளைவு எப்பக்கம் என்பது ஓட்டுபவருக்கு முன்னமே தெரியும். அவர் மூளை ஆயத்தமாகிவிடுகிறது. படத்தில் ஹட்தான் ஓட்டுநர். எப்போது திரும்புவான் என்பது அவனுக்கே தெரியும். நாம் பின்னிருக்கைப் பயணிகள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் இந்த மலரைக்கொண்டே ஒரு சோதனை செய்யலாம். தலையை அசைக்காமல், மலரை மட்டும் வலமும் இடமுமாக விரைந்து ஆட்டுங்கள். எழுத்துகள் கலங்கிவிடும். அடுத்து மலரை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். படிக்க முடிகிறதல்லவா? தலை வலப்புறம் திரும்பினால், நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்திற்குள் உட்செவியின் கட்டளையால் விழி இடப்புறம் திரும்பி ஈடுசெய்துவிடுகிறது. மெட்டியாபுரூஸ் கடைத்தெருவில் பேருந்தைப் பிடிக்க நீங்கள் தலைதெறிக்க ஓடினாலும் கடைப் பலகைகள் குதிப்பதில்லை. இந்த ஏற்பாடே காரணம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஓடுகிறவன் காண்பது குலுங்கும் உலகம் அன்று. பெரும்பாலும் அசையாத உலகத்தையே அவன் காண்கிறான். குலுங்குவது உட்செவி இல்லாத காமிரா. "நேரில் இருந்தாற்போலவே இருந்தது" என்று படத்தைப் புகழ்ந்தவர்கள் நேரில் இருந்த உணர்வைப் பெறவில்லை; நேரில் இருந்த ஒரு கருவியின் உணர்வைப் பெற்றார்கள். செய்திப் படங்களையும் அலைபேசிப் படங்களையும் பார்த்துப் பழகியதால், குலுக்கலையே உண்மையின் முத்திரையாக நாம் கொண்டுவிட்டோம். இந்தப் படத்திலேயே இதற்கு ஒரு வேடிக்கையான சான்று இருக்கிறது. சுதந்திர தேவி சிலையின் தலை பிய்ந்து தெருவில் வந்து விழுகிறது. முன்னோட்டத்தில் அதனை உண்மையான அளவிலேயே காட்டினர். பார்த்தவர்கள், தலை மிகச் சிறியதாக இருக்கிறது, பொய்யாகத் தெரிகிறது என்றனர். எனவே படத்தில் அதைப் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கிய பொய் மெய்யாயிற்று! அந்தத் தலையைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. கூடியவர்களோ அலைபேசியை எடுத்து அதைப் படம் பிடிக்கிறார்கள்.

இவ்வளவையும் எழுதி, சாச்சாவை ஒரு சான்றாகவும் காட்டியிருந்தேன். கடல் ஆட்டத்திற்குப் பழகிய உடல் திரை ஆட்டத்திற்குப் பழகியதாகாது, ஒவ்வொரு முரண்பாட்டிற்கும் தனித்தனியே பழகவேண்டும் என்பது நூல்களில் உள்ள கருத்து. முப்பது ஆண்டு மாலுமி இருபது நிமிடப் படத்தில் தோற்றார் என்றால் அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்குமா? கட்டுரையைச் செயலாளரிடம் கொடுக்குமுன், மரியாதைக்காக அவரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "பேட்டா, என் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. அந்தப் புழுதி இருக்கிறதே, அதைத்தான் பார்க்க முடியவில்லை" என்றார்.

இருபதாவது நிமிடத்தை அடுத்துத்தான் வுல்வொர்த் கட்டடம் சரிந்து, தெரு முழுவதும் வெண்புழுதி பாய்கிறது. குறிப்பேட்டில் நிமிடத்தை எழுதியவன், திரையில் அப்போது என்ன இருந்தது என்பதை எழுதவில்லை.

2024 மார்ச் 17ஆம் தேதி நள்ளிரவையொட்டி, கார்டன் ரீச்சில் அஸ்ஹர் மொல்லா பாகானில், கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று பக்கத்திலிருந்த குடிசை வீடுகளின்மேல் இடிந்து விழுந்தது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரமலான் மாதம் ஆதலால் பலர் விழித்திருந்தனர். சந்துகள் குறுகியவை, பெரிய இயந்திரங்கள் எளிதில் உள்ளே வர இயலவில்லை. முதலில் கைகளே வேலை செய்தன. அப்பாவும் நானும் ஓடினோம். அங்கே போய் நின்றதும் நான் செய்த முதல் காரியம், அலைபேசியை உயர்த்திப் படம் பிடித்ததுதான். ஏன் என்று எவரேனும் கேட்டிருந்தால், நாளை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று சொல்லியிருப்பேன். ஹட்டும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறான்.

"யாரப்பா அது, விளக்கை இங்கே பிடி!" என்று ஒரு குரல் அதட்டியது. படம் பிடிப்பதை நிறுத்தி, அலைபேசியின் விளக்கை ஏற்றி அந்தப் பக்கம் காட்டினேன். செங்கற்கள் கைமாறிக் கைமாறிப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. தோள் கடுத்து, மாற்ற ஆள் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். குரல் சாச்சாவுடையது. விளக்குக்குப் பின்னால் நின்ற என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. அவரிடம் நான் இதுவரை சொன்னதில்லை. இக்கட்டுரையைத்தான் முதலில் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும்.

அந்தப் படம் 1 நிமிடம் 12 விநாடி. இரண்டு நாள் கழித்துப் போட்டுப் பார்த்தேன். இருட்டு, கூச்சல், எங்கெங்கோ பாயும் ஒளிக் கீற்றுகள். ஓர் உருவமும் தெளியவில்லை. எனக்குக் குமட்டியது. ஆனால் விளக்குப் பிடித்து நின்றபோது கண்டவை அப்படி இல்லை. புழுதி அடர்ந்த ஒளியில் ஒரு நீல வாளி. அதனருகே கம்பி வளைந்த ஒரு தூண். ஒரு முதியவரின் கை, விரல்களை விரித்து, "மெல்ல" என்பதுபோல் காட்டியது. இவை அசையாமல் இருக்கின்றன. இன்றும் அப்படியே இருக்கின்றன. படம் பிடித்த அந்த 1 நிமிடம் 12 விநாடியில் என் கண்ணால் என்ன கண்டேன் என்று எவ்வளவு முயன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"ஏன் அந்தப் பையன் காமிராவைக் கீழே வைக்கவே இல்லை?" என்று சாச்சா கேட்டார். இப்படத்தைப் பார்த்தவர்களுள் மிகப் பலர் கேட்ட கேள்விதான் இது. காமிராவை வைத்துவிட்டால் படமே இல்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லும் மறுமொழி. அந்த மறுமொழியை நான் அவரிடம் சொல்லவில்லை. படத்தில் ஓர் இடம் உண்டு, அதைச் சொன்னேன். இருண்ட சுரங்க ரயில் பாதையில் நடக்கும்போது, அதே காமிராவின் விளக்கும் இரவுக் காட்சியுமே வழி காட்டுகின்றன. பின்னால் வரும் ஆபத்தும் அதனால்தான் தெரிகிறது. "அதற்குமுன் நான் எழுந்து வந்துவிட்டேனே" என்றார் சாச்சா. பிறகு தேநீர் வந்தது. ஏடன் துறைமுகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

குறிப்பேட்டில் அவர் பெயருக்கு நேரே இருந்த சொல்லை அடித்துவிட்டேன். அம்மாவையும் கேட்டேன், அவருக்கு உண்மையாகவே குமட்டல்தானாம்.

இப்படத்தை நம் மன்றத்தில் திரையிடலாம் என்று செயலாளர் கருதுகிறார். வருபவர்கள் பின்வரிசையில் அமர்வது நலம். திரை சிறிதாகத் தோன்றினால் ஆட்டமும் குறையும். மயக்கம் வந்தால் கண்ணைத் திரையிலிருந்து எடுத்து, அசையாத சுவரைப் பாருங்கள். கதவைத் தாழிட வேண்டா. நடுவில் எழுந்து போகிறவர்களை ஏன் என்று கேட்கவும் வேண்டா. குறிப்பேடு கொண்டுவர மாட்டேன் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.