பிக்கப் வண்டிக்குப் 'பிக்கப்' குறைந்தால்...

நம் வணிகர்களில் பலர் இன்று சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார்கள். வாடகை வண்டிக்குக் காத்திராமல் விடியற்காலையில் மண்டிக்குப் போய்ச் சரக்கு எடுத்து வர இது பெரிய வசதி. ஆனால், "வண்டி இழுக்கவில்லை, பிக்கப் இல்லை" என்று பட்டறையில் போய் நின்றால் செலவு ஐந்நூறு ரூபாயிலும் முடியலாம், ஐம்பதாயிரத்துக்கும் போகலாம். பழுது எந்தப் பக்கம் என்று பாதியாவது தெரிந்துகொண்டு போவது நல்லது.

எங்கள் வண்டி மேட்டுப்பாளையத்தில் மளிகைச் சரக்கு ஏற்றிக்கொண்டு கோத்தகிரி மலையேறுவது. சில வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், அரிசி, பருப்பு லோடோடு கொண்டை ஊசி வளைவில் திணறி நின்றுவிட்டது. பின்னாலேயே பஸ். கீழே இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காதது போல் ஏறியது. ஆறேழு கிலோமீட்டரில் மறுபடி அதே கதை. பட்டறையில் டீசல் பம்பைக் கழற்ற வேண்டும், 30,000 ரூபாய் ஆகும் என்றார்கள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதன் முடிவைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது எஞ்சின் சத்தத்தை. ஆக்சிலேட்டரை மிதித்ததும் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி மட்டும் அந்த அளவுக்கு ஓடவில்லை என்றால், கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். சமதரையில், முன்னால் ஆள் யாரும் இல்லாத இடத்தில், கைபிரேக்கை நன்றாக இழுத்து, நாலாவது கியரில் போட்டுக் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் கிளட்ச் சரி. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது. இதை ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். ஓட்டும்போது கிளட்ச் மேலேயே காலை வைத்திருக்கும் டிரைவரால்தான் பெரும்பாலும் இந்தச் செலவு வருகிறது.

சத்தம் ஒழுங்காக இருந்தும் வண்டி கனமாக ஓடுகிறதா? டயரில் காற்றைப் பாருங்கள். பிறகு பிரேக். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் கைபிரேக் கேபிள் துருவேறி இறுகுவது சகஜம்.

எஞ்சினே ஏற மறுக்கிறது என்றால் காற்று அல்லது டீசல் தட்டுப்பாடு. அதற்கும் முன்பு ஒன்றைப் பாருங்கள்: ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் மடங்கிய சாக்கோ மிதியடியோ கிடக்கிறதா? சிரிக்க வேண்டாம், நம் வண்டிகளில் இது நடப்பதுதான்.

கரும்புகை வந்தால் காற்று போதவில்லை. மாவு, தவிடு, கோடவுன் தூசி இவற்றுக்கு நடுவே நிற்கும் வண்டியில் ஏர் பில்டர் மற்ற வண்டிகளைவிடச் சீக்கிரம் அடைக்கும். குறைந்த காற்றழுத்தத்தில் உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஊதலாம். அழுக்கு மீறிப்போனால் புதிது போடுங்கள். பில்டரே இல்லாமல் ஓட்டினால் தூசி உள்ளே போய் டர்போவையும் சிலிண்டரையும் அரைத்துவிடும். பில்டர் சுத்தமாக இருந்தும் கரும்புகையோடு 'உஸ்' என்ற சத்தம் கேட்டால், டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் வெடிப்போ தளர்ந்த கிளிப்போ இருக்கும்.

புகை அதிகமில்லை, சும்மா நிற்கும்போது நன்றாக ஓடுகிறது, லோடு ஏற்றினால் மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால் டீசல் பில்டர் மீது சந்தேகம் கொள்ளுங்கள். அதன் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

என் வண்டிக்கு வருகிறேன். பம்பைக் கழற்ற விடுவதற்கு முதல் நாள், பழைய லாரி டிரைவர் ஒருவர் டீசல் டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. அசல் மூடி தொலைந்து, அளவுக்குப் பொருந்தும் வேறொரு மூடியைக் கையாள் வாங்கி மாட்டியிருந்தான். அதில் காற்றுத் துளை இல்லை. டீசல் குறையக் குறைய டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் நின்றிருக்கிறது. சற்று நேரம் நின்றால் இடுக்கு வழியே காற்று புகுந்து மறுபடி ஓடும். சரியான மூடி வாங்கிப் போட்டதும் தீர்ந்தது. பட்டறைக்காரர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். வண்டி அவரிடம் லோடு இல்லாமல் அல்லவா நின்றது!

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. கடைக்கும் மண்டிக்கும் இடையே இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அது சூடேறாமல் கரி சேர்ந்துவிடும். அதற்கான விளக்கு எரிந்தால், கையேட்டில் சொல்லியபடி நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். பாதியில் எஞ்சினை அணைக்காதீர்கள். எஞ்சின் விளக்கு எரிந்து வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே 'சென்சார் போய்விட்டது' என்றால், ஒயரைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சிந்திய பருப்புக்கு வரும் எலி ஒயரையும் விடுவதில்லை.

பட்டறைக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: லோடோடு திணறுகிறதா, காலி வண்டியிலுமா, கிளம்பியதுமா, சூடேறிய பிறகா, புகை என்ன நிறம், கடைசியாக எந்தச் சாமானை மாற்றினீர்கள். டேங்க் மூடி மாற்றியதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.