தும்மலும் தொப்பையும் – என் அனுபவப் பாடம்



இந்த மாத அறிவியல் பகுதிக்கு என்னை எழுதச் சொன்னார்கள். நான் தேர்ந்தெடுத்தது ஒவ்வாமையும் உடல் பருமனும். ஏன் தெரியுமா? இரண்டும் எனக்கு இருக்கிறது!

ஒவ்வாமை என்றால் என்ன?

நம் உடம்பில் கிருமிகளோடு சண்டை போட நோய் எதிர்ப்பு சக்தி இருக்கிறது. சிலருக்கு அது தூசி, மகரந்தம், இறால், வேர்க்கடலை போன்றவற்றையும் எதிரி என்று நினைத்துவிடும். அப்போது ஹிஸ்டமின் போன்ற பொருட்கள் வெளிவரும். தும்மல், மூக்கொழுகல், அரிப்பு, தடிப்பு எல்லாம் அதனால்தான். சிலருக்கு மூச்சுக்குழாய் சுருங்கி இழுப்பும் வரும். இதற்கு 'அலர்ஜி' என்று 1906-இல் பெயர் வைத்தவர் ஆஸ்திரிய மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே.

எனக்கு எதிரி தூசி உண்ணி. அளவு சுமார் 0.3 மில்லிமீட்டர்தான்! மெத்தை, தலையணையில் இருந்துகொண்டு, நம் தோலில் இருந்து உதிரும் செதில்களைத் தின்னும். ராத்திரி மூக்கு அடைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கமே வராது. முதல் பீரியடில் நான் தூங்கி வழிவது சோம்பேறித்தனம் இல்லை, சார்!

பருமன் எப்படி வந்தது?

ஓடினால் இழுப்பு வரும் என்று அம்மாவுக்குப் பயம். "பி.டி. பீரியட்ல நீ ஓட வேணாம்டா, உக்காந்துரு" என்றார்கள். உட்கார்ந்தேன். கையில் முறுக்கு, கூல்டிரிங்க்ஸ். எடை ஏறியது. எடை ஏறியதும் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மூச்சு வாங்குவதால் இன்னும் அதிகமாக உட்கார்ந்தேன். செக்கு மாடு மாதிரி இதையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை குறியீட்டெண். என் எடை 63, உயரம் 1.50. 63 ÷ 2.25 = 28. பெரியவர்களுக்கு 25-க்கு மேல் போனால் அதிக எடை. நம்மைப் போன்றவர்களுக்கு வயதுக்கேற்ற அட்டவணையில் பார்க்க வேண்டும். அதிலும் எனக்குப் பருமன் என்றுதான் வந்தது.

டாக்டர் சொன்னது

"ரெண்டையும் சேத்துதான் சரி பண்ணணும். எடை கூடினா இழுப்பைக் கட்டுப்படுத்துறது கஷ்டம். இழுப்பு கட்டுக்குள்ள இருந்தா நீ தாராளமா ஓடலாம்."

இப்போது நான் செய்பவை:

1. தடுப்பு இன்ஹேலரைத் தினமும் போட்டு வாய் கொப்பளிக்கிறேன். இன்ஹேலர் போட்டால் பழகிவிடும், விடவே முடியாது என்பது தவறு.
2. வாரம் ஒருமுறை போர்வை, தலையணை உறையை வெந்நீரில் துவைக்கிறோம்.
3. கூல்டிரிங்க்ஸ் நிறுத்தம். பல கோலா பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை உள்ளது. 300 மில்லி குடித்தால் ஆறு தேக்கரண்டி!
4. பட்டினி கிடப்பதில்லை. வளரும் வயது அல்லவா? எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் உயரம் கூடும்போது குறியீட்டெண் தானாகக் குறையும்.
5. தினமும் நடை. 10 நிமிடத்தில் தொடங்கினேன், இப்போது 40. நம் வயதினருக்கு 60 நிமிட உடலுழைப்பு தேவை.

நீங்கள் செய்ய வேண்டியவை

யாருக்காவது இழுப்பு வந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். சுற்றி நிற்காமல் காற்று வர விடுங்கள். அவருடைய நிவாரண இன்ஹேலரை எடுத்துக் கொடுங்கள். ஓடிப்போய் ஆசிரியரைக் கூப்பிடுங்கள். டஸ்டரை வகுப்புக்குள் தட்டாதீர்கள். "எனக்குக் கடலை மிட்டாய் ஒத்துக்காது" என்று ஒருவர் சொன்னால், "சும்மா தின்னுடா" என்று வாயில் திணிக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து வரலாம்.

கடைசியாக ஒன்று. போன வருடம் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போனேன். வரிசையில் யாரோ "டேய் குண்டா, பூமி அதிரும்டா" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பெயர் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். இழுப்புக்கு மருந்து இருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு மருந்து உங்களிடம்தான் இருக்கிறது.

இந்த வருடம் 400 மீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஜெயிக்க மாட்டேன், முடிப்பேன். கைதட்ட வாருங்கள்!

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்