கத்தரிக்கோல் வேண்டாம்

கேள்வி: நான்காவது படிக்கும் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவசச் சீருடை தொளதொளவென்று இருக்கிறது. வீட்டில் தையல் மிஷின் இல்லை. கையாலேயே சரிசெய்ய முடியுமா?
– ஒரு வாசகி, திண்டிவனம், விழுப்புரம் மாவட்டம்

ஊசியும் நூலும் போதும். கத்தரிக்கோலை மட்டும் தொடாதீர்கள். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் லட்சக்கணக்கில் தைக்கும் சீருடை பெரிதாக இருப்பது ஒரு வகையில் நல்லதுதான். சிறியதைப் பெரிதாக்கத் துணிக்கு எங்கே போவது? சட்டையை உள்பக்கம் திருப்பி, அக்குளிலிருந்து கீழ்வரை பக்கத் தையலை ஒட்டிக் குண்டூசி குத்துங்கள். ஒரு பக்கம் அரை இஞ்ச் பிடித்தால் முன்துணியில் அரை, பின்துணியில் அரை போகும். இரு பக்கமும் சேர்த்துச் சுற்றளவில் 2 இஞ்ச் குறையும். ஆசைப்பட்டு ஒரு இஞ்ச் பிடித்தால் பிள்ளையால் கையைத் தூக்க முடியாது.

கைத்தையல் பிரிந்துவிடாதா என்பீர்கள். ஓட்டுத் தையல் பிரியும். ஒவ்வொரு குத்துக்கும் ஊசி பின்னால் போய் வரும் பின் தையல் லேசில் பிரியாது. அக்குள் முனையில் மட்டும் இரண்டு முறை போடுங்கள். 4 செட் கொடுக்கிறார்களே, மிச்சத் துணியை ஏன் வைத்திருக்க வேண்டும் என்றால், இந்த வயதில் பெண்பிள்ளைகள் அரைப்பரீட்சைக்குள் வளர்ந்துவிடுவார்கள். அப்போது தையலைப் பிரித்தால் போதும். உள்ளே உறுத்தினால் துணியைப் பின்பக்கம் மடித்து இஸ்திரி போடுங்கள். பாவாடை இடுப்புக்கு ஹூக்கை நகர்த்தித் தைத்தாலே சரி. தோள் இறங்கியிருந்தால் மட்டும் டெய்லரிடம் கொடுங்கள். கையைப் பிரித்து மாட்டும் வேலை அது.