சந்திராவின் கெயினைத் திருத்துவது எப்படி?

எக்ஸ்-கதிர்ப் போட்டான் ஒன்று சிலிக்கனில் விழுந்தால், அதன் ஆற்றலில் ஏறத்தாழ 3.65 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு ஓர் எலக்ட்ரான் வீதம் வெளிப்படும். அந்த மின்னூட்டம் பெருக்கியைக் கடந்து வெறும் எண்ணாக நம் கைக்கு வருகிறது. அந்த எண்ணுக்கும் ஆற்றலுக்கும் உள்ள உறவுதான் கெயின். 6,000 எலக்ட்ரான்வோல்ட்டில் 10 பிசகினாலே, விண்மீன் வெடித்த வாயுவின் வேகத்தை நொடிக்கு 500 கிலோமீட்டர் தவறாகச் சொல்லிவிடுவோம். சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999 ஜூலையில் விண்ணுக்குச் சென்ற சந்திரா தொலைநோக்கியின் ஏசிஸ் என்ற சிலிக்கன் சில்லுக் கருவியை வைத்தே வழிமுறையைப் பார்ப்போம்.

முதலில் தரவு. சுமார் 64 மணி நேரச் சுற்றில் சந்திரா கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடக்கும்போது, ஏசிஸைக் குவியத்திலிருந்து ஒதுக்கி வைப்பார்கள். அந்த இடத்தில் இரும்பு-55 மூலம் ஒன்று அதன்மேல் ஒளிவீசும். இந்தப் பதிவுகளை மூன்று மாதத்துக்கு ஒரு தொகுப்பாகச் சேருங்கள். உணரி −120 டிகிரி செல்சியஸுக்கு அருகில் இருந்த நேரத்தை மட்டும் எடுங்கள். சூடேறிய பதிவுகளைக் கலந்தால் தொகுப்பு முழுவதும் கெடும்.

அடுத்தது மின்னூட்ட இழப்புத் திருத்தம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஏவிய சில வாரங்களிலேயே, ஆடிகளில் பட்டுச் சிதறிய குறைந்த ஆற்றல் புரோட்டான்கள் முன்புறம் ஒளியேற்கும் சில்லுகளைச் சேதப்படுத்தின. மின்னூட்டம் வரிசை வரிசையாக நகர்ந்து வெளியேறும் வழியில், அந்தச் சேதங்கள் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால் ஒரே ஆற்றலுள்ள போட்டான் 10-ஆம் வரிசையில் தரும் எண்ணைவிட 1,000-ஆம் வரிசையில் குறைவான எண்ணையே தரும். ஆகவே சில்லு முழுவதற்கும் ஒரே கெயின் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இழப்புத் திருத்தத்தைச் செலுத்திய பிறகு, சில்லைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே அளந்திடுங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மூலம் தரும் மூன்று கோடுகளைத் தேடுங்கள்: அலுமினியம் 1.487, டைட்டானியம் 4.51, மாங்கனீஸ் 5.895 கிலோ எலக்ட்ரான்வோல்ட். மாங்கனீஸ் கோடு உண்மையில் நெருங்கிய இரட்டை. உணரியால் அவற்றைப் பிரித்தறிய முடியாது என்பதால் எடையிட்ட சராசரியையே இங்கே தந்திருக்கிறேன். 6.49-இல் உள்ள துணைக்கோட்டைத் தனியே கையாளுங்கள். உச்சியைச் சுற்றிய குறுகிய பகுதிக்கு மட்டும் காஸியன் வளைவைப் பொருத்துங்கள். முழுமையாகச் சேகரமாகாத மின்னூட்டம் இடப்பக்கம் ஒரு வாலை உண்டாக்கும். அதையும் சேர்த்துப் பொருத்தினால் மையம் கீழே இறங்கிவிடும். கோட்டின் அகலம் உச்சியின் பாதி உயரத்தில் 150 எலக்ட்ரான்வோல்ட் என்றால், 400 போட்டான்கள் மையத்தை மூன்று எலக்ட்ரான்வோல்ட் அளவுக்குத் துல்லியமாகத் தரும். அதற்கும் குறைவாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த மையங்களை முந்தைய மூன்று மாதத்து மையங்களோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்தமாக எழுதுங்கள். புள்ளிகளை நேர்கோட்டுத் துண்டுகளால் இணைத்தால் போதும். மூன்றே புள்ளிகள் இருக்கும்போது வளைவு தேடினால், இடைவெளியில் இல்லாத நெளிவுதான் பிறக்கும்.

அலுமினியத்துக்குக் கீழே வானம்தான் துணை. சிறிய மெகல்லன் மேகத்திலுள்ள இ0102 என்ற வெடிப்பெச்சத்தில் ஆக்சிஜன் 0.654-இலும் நியான் 1.022-இலும் பளிச்சிடும். ஏசிஸின் வடிகட்டிமேல் படிந்துவரும் மாசு இந்தப் பகுதியில் ஒளியை விழுங்குகிறது. ஒட்டிக் கலந்த கோடுகளின் வலிமை விகிதம் மாறினால் மையமும் நகர்ந்ததுபோல் தெரியும். எனவே அந்தந்தக் காலத்து மாசு அளவைச் சேர்த்தே பொருத்துங்கள்.

இரும்பு-55இன் அரை ஆயுள் 2.7 ஆண்டு. 25 ஆண்டில் மூலத்தின் ஒளி ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அதனால் இப்போது காசியோப்பியா ஏ வெடிப்பெச்சத்தின் சிலிக்கன், இரும்புக் கோடுகளை நாட வேண்டியிருக்கிறது. அதன் வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதால், கோடுகள் ஆய்வக மதிப்பில் இருக்காது. ஆகவே ஆய்வக எண்ணோடு ஒப்பிடாமல், எச்சத்தின் அதே பகுதியை அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒப்பிடுங்கள். இடைவெளி நீண்டால் வாயு முடிச்சுகளே இடம் மாறிவிடும்.

திருத்தக் கோப்பை வெளியிடுமுன், அதை உருவாக்கப் பயன்படுத்தாத ஒரு பதிவில் செலுத்திப் பாருங்கள். ஏதேனும் ஒரு கட்டத்தில் கோடு 0.3 விழுக்காட்டுக்கு மேல் விலகினால், இழப்புத் திருத்தத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.