சிக்னலில் நின்றால் அணைந்துபோகும் கார்

கேள்வி: என் பெட்ரோல் கார் ஓட்டத்தில் நன்றாக இருக்கிறது. ஆவடி சிக்னலில் நின்றால் குலுங்குகிறது, ஏசி போட்டால் அணைந்தே விடுகிறது. ஏன்?
– வாசகர், சேக்காடு

பதில்: முதலில் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது அதன் வட்டத் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். எஞ்சினுக்கான காற்று விளிம்பில் உள்ள மயிரிழை இடைவெளி வழியே போகும். கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை அங்கே கறுப்புப் பிசினாகப் படிந்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். மிதித்தால் தகடு அகலத் திறப்பதால் ஓட்டத்தில் குறை தெரியாது.

எஞ்சின் ஆறியதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் குழாயை எடுத்தால் தகடு தெரியும். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், விளிம்புக்குப் பழைய டூத் பிரஷ் போதும். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், சில தகடுகளின் பூச்சை அது அரித்துவிடும். மின்மோட்டார் இயக்கும் தகடு என்றால் விரலால் தள்ளவே கூடாது. உள்ளிருக்கும் பல்சக்கரம் உடைந்தால் செலவு பெரிது. அப்படிப்பட்ட தகட்டை மெக்கானிக்கிடமே விடுங்கள்.

சுத்தம் செய்த பிறகு ஐடில் (மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகம்) சற்று எகிறலாம். பல கார்களுக்குத் தகட்டின் நிலையை ஸ்கேனரில் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அப்படியும் குலுங்கினால் வேக்குவம் குழாயில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள்.