படகு சுவிட்சில் பூசணம்: துடைப்பதா, மாற்றுவதா?

ஆரம்பாக்கம் வட்டாரத்தில் மின்சாமான் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு, ஐப்பசி மழை தொடங்கினால் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து ஆட்கள் வருவது தெரியும். "விளக்கு விட்டு விட்டு எரியுது, ஒரு சுவிட்சு கொடுங்க" என்பார்கள். கைக்கு எட்டிய வீட்டுச் சுவிட்சைக் கொடுத்தனுப்புவது எளிது. ஆனால், இரவில் கடலில் விளக்கு அணைந்தால் எதிரே வரும் பெரிய படகுக்கு நம் ஆள் கண்ணில் படமாட்டார்.

வீட்டில் 230 வோல்ட். 60 வாட் பல்பு ஒன்று கால் ஆம்பியர் அளவுதான் இழுக்கும். படகில் இருப்பதோ 12 வோல்ட் பேட்டரி. அதே 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் ஓடும். ஆகவே தொடுமுனையில் சிறிது களிம்பு ஏறினாலும் சுவிட்சு சூடேறிக் கருகும். இன்னொன்று: வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்சுக்குள் எழும் பொறி தானே அணையும். பேட்டரி மின்சாரத்தில் அப்படி அணையாது. சுவிட்சின் பின்புறம் "250 வோல்ட் ஏசி" என்று மட்டும் இருந்தால் அது படகுக்கு ஆகாது. டிசி வோல்ட்டும் ஆம்பியரும் அச்சிட்டிருக்க வேண்டும்.

மேலே படியும் கறுப்புப் பூசணம் அவ்வளவு ஆபத்தில்லை. மீன் எண்ணெயும் தூசியும் அதற்குத் தீனி. உண்மையான பகை உப்புதான். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கசியும். அதனால்தான் மழைக்காலத்தில் நனையாத சுவிட்சும் ஈரமாகவே இருக்கிறது.

சுத்தம் செய்யும் முறையை வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுங்கள். எரிபொருள் வாடை அடித்தால் முதலில் காற்றாட விட வேண்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். சுவிட்சின் மேற்புறத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். திருகாணி, பித்தளைத் துண்டுகளில் பச்சைக் களிம்பு இருந்தால் கழற்றி, பாதி வினிகர் பாதி தண்ணீரில் சில நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி நன்றாக உலர்த்தலாம். அலசாமல் விட்டால் வினிகரே அரிக்கும். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். உப்புத்தாளும் கூடாது, மேற்பூச்சு போய்விடும். மாட்டிய பிறகு டெர்மினல் மேல் மெல்ல வாஸ்லைன் தடவலாம், தொடுமுனைக்குள் தடவக்கூடாது.

உடல் உருகியிருந்தாலோ, தட்டும்போது தளர்ந்திருந்தாலோ, எரியும்போது கை சுட்டாலோ மாற்றுவதே வழி. சுவிட்சை மட்டும் மாற்றினால் ஆகாது, ஒயர் முனையையும் சீவிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் உறைக்குள் ஏறியிருந்தால் செம்பு கறுத்திருக்கும். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டித்தான் இணைக்க வேண்டும்.

சரக்கு எடுக்கும்போது ரப்பர் மூடி போட்ட டாகுல் சுவிட்சு, வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், ஃபியூஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து எடுங்கள். ஐபி 67 என்று குறித்திருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தண்ணீர் புகாது. விலை கூடத்தான் செய்யும்; காரணத்தைச் சொன்னால் படகுக்காரர் வாங்குவார். சரக்கைக் கடைச் சுவரை ஒட்டி அடுக்காமல் பலகை மேல், உறை பிரிக்காமல் வையுங்கள். இங்குள்ள காற்றில் பிரித்த பெட்டி கடையிலேயே பூசணம் பிடிக்கும்.